வெறுங்கரை என்று பெயர் வைத்த படம்

கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், அந்த அறையில் இரண்டு மின்விசிறிகள். ஒன்று சுற்றும். மற்றது சுற்றுவதுபோலச் சத்தம் மட்டும் போடும். எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது சத்தம்.

சன்னலுக்கு வெளியே ஒரு புள்ளிமான் வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு நின்றது. உள்ளே, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பிளாஸ்ரிக் உறையிலிருந்து ஒரு சஞ்சிகைப் பக்கத்தை உருவி விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்தார். வைத்துவிட்டு நான்கு மூலைகளையும் விரலால் நீவிவிட்டார்.

"ஐயா, நாங்கள் வாயால சொன்னா நம்பமாட்டினம். அதால உள்ளூர்க் கலைஞர் ஒருத்தர் எடுத்த படத்தையே கொண்டு வந்திருக்கிறம். இதுதான் அந்தக் கரை. ஒரு மனிசர் இல்லை. ஒரு வலை இல்லை. மரத்தடியில தென்னங்கிடுகு போட்டு மூடின ரெண்டு பழைய தோணி, அவ்வளவுதான். பாவிக்காமல் கிடந்த கரை எண்டதுக்கு வேற என்ன வேணும்?"

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைக் கிட்டப் பிடித்தார்.

"வடிவான படம்," என்றார்.

"படத்துக்கு அவ வைச்ச பேரையும் பாருங்கோ ஐயா. வெறுங்கரை."

"ஆர் எடுத்தது?"

சட்டத்தரணி குனிந்து வாசித்தார். "வாசுகி எண்டு போட்டிருக்கு."

மேசைக்குக் கீழே என் பாதத்தின்மேல் ஒரு குதிக்கால் ஏறி அழுத்தியது. அது பரீனாவுடையது. பரீனா எங்கள் தரப்புச் சட்டத்தரணி. நான் அவளுக்குச் சட்ட ஆய்வு செய்து கொடுப்பவள். அந்த வாசுகியும் நான்தான்.

பரீனா எழும்பினாள். மறைத்துப் பழக்கமில்லாதவள். "ஐயா, அந்தக் கலைஞர் இந்தா, என்ர பக்கத்திலதான் இருக்கிறா."

அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. எதிர்த்தரப்புக்காரரும் சிரித்தார். "அப்ப இன்னும் நல்லம். கரை வெறுமையாக் கிடந்தது எண்டு அவவே சொல்லியிருக்கிறா."

பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்வை பிடரியில் படுவது தெரியும்தானே.

இரண்டு கடல் வெளிச்சம்

திருகோணமலைப் பட்டினத்துக்கு இரண்டு பக்கமும் கடல். காலையில் ஒரு கடல் வெளிச்சம் தரும். பின்னேரம் மற்றக் கடல், துறைமுகத்துக் கடல், தன் எண்ணெய் மினுக்கத்தோடு வெளிச்சத்தைத் திருப்பித் தரும். நடுவில் ஒரு கழுத்துபோல நிலம். அந்தக் கழுத்தில் நடந்தால் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை வைத்தே நேரம் சொல்லிவிடலாம்.

என் நாளும் அப்படித்தான் இரண்டாகப் பிரியும். காலையில் லிங்கநகர் வீட்டில், பழைய தீர்ப்புகளுக்கு நடுவே. யார் எந்தக் காணியில் எத்தனை காலம் நடந்தார்கள், அதை நீதிமன்றம் எந்தச் சொல்லால் ஏற்றது, எந்தச் சொல்லால் தள்ளியது என்று தேடுவேன். வெயில் சாய்ந்ததும் கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். குச்சவெளிப் பஸ், மூதூர்ப் பஸ், எது முதலில் வருகிறதோ அது.

எது உண்மையான வேலை என்று கேட்பார்கள். கலியாண வீட்டில், "கமரா கொண்டு வரேல்லையே? ஒரு படம் எடுத்து விடுங்கோ" என்பார்கள். செத்த வீட்டில், "காணி உறுதி ஒண்டு இருக்கு, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்பார்கள். இரண்டுக்கும் தேத்தண்ணீர் உண்டு. ஊர் என்னைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குத்தான் கன காலம் எடுத்தது.

போன கிழமை இந்தப் பத்தியில் வெருகல் ஆட்டைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்தவர்கள் பலர் ஆட்டைத்தான் விசாரித்தார்கள். வாசிக்காதவர்களுக்காக இரண்டு வரி: தொழில் தொடங்கின காலத்தில் ஒரு காணி வழக்குக்கு எல்லைக் கல்லைப் படமெடுக்கப் போனேன். எத்தனை தரம் விரட்டியும் ஓர் ஆடு கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சட்டத்தரணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படத்தைக் கொடுத்தேன். அவர், "ஆடு நிக்கட்டும், அது எங்கட கட்சிக்காரற்ற ஆடு" என்றார். மேய்ந்த நிலம் யாருடையது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து என் சட்டகத்துக்குள் நடந்து வருகிற எதையும் நான் விரட்டுவதில்லை.

பரீனாவைச் சந்தித்ததும் இரண்டு வேலையும் சேர்ந்த ஒரு நாளில்தான். கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முந்தின காலம். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, தண்ணீரைப் படமெடுத்துக்கொண்டு நின்றேன். என் பையிலிருந்து ஒரு தீர்ப்பின் நகல் நழுவி விழுந்தது. எடுத்துத் தந்த பிள்ளை முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, "இது மேல போய் மாறிட்டுதே, தெரியாதா?" என்றாள். சட்டக் கல்லூரியில் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தாளாம். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.

முகம் இருக்கு, இடம் எங்கே

கச்சேரியில் என் பிடரியைப் பார்த்தவர் பவளம் அக்கா.

சல்லிக்கும் நிலாவெளிக்கும் இடையில் ஒரு கரை. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டதால் போடவில்லை. அங்கே கரைவலை இழுக்கிறார்கள். தோணியில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கும் வலை. ஒவ்வொரு வலைக்கும் என்று ஒரு துண்டுக் கரை உண்டு. பாடு என்பார்கள். அந்தப் பாட்டில்தான் வலை ஏறும், அங்கேதான் காயும், தோணியும் அங்கேதான் கிடக்கும்.

பவளம் அக்காவின் புருஷன் சீனி வருத்தத்தில், நீரிழிவில், போனபோது, வலையை வித்துப்போட்டுப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள் மைத்துனர்மார். சொன்னவர்களையே கயிற்றில் நிறுத்தி இழுப்பித்தவர் அவர்.

கரைக்குப் பின்னாலிருந்த தென்னங்காணியை ஒரு கம்பனி வாங்கியது. விடுதி கட்டப்போகிறார்கள். அதில் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் வேலித்தூண்கள் காணி எல்லையோடு நிற்காமல் மணலுக்கு இறங்கிவிட்டன. கேட்டதற்கு, அந்த மணல் துண்டு சும்மா கிடந்தது, அரசாங்கத்திடம் அனுமதிக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். அனுமதி கிடைத்தால் பவளம் அக்காவின் வலைக்கு ஏறுவதற்குக் கரை இல்லை. கரை இல்லாத கரைவலை வெறும் கயிற்றுக் குவியல்.

விசாரணை முடிந்த கையோடு பரீனாவின் அலுவலகத்துக்குப் போனோம். பவளம் அக்கா கதிரையில் இருக்கவில்லை. அலுமாரியில் சாய்ந்து நின்றார்.

"நல்லாத்தான் பேர் வைச்சிருக்கிறாய் பிள்ளை. அப்ப நாங்கள் எல்லாம் என்ன, நண்டே?"

"அக்கா, அண்டைக்கு உண்மையா ஆரும் நிக்கேல்லை."

"நிக்காட்டி வெறுங்கரையே? உன்ர வீட்டில நீ இல்லாத நேரம் வந்து நான் குடியிருக்கலாமோ?"

பரீனா பேனையை எடுத்தாள். "இந்தக் கேள்விய நான் கடன் வாங்குறன், பவளம் அக்கா."

அந்தப் படம் நல்ல படம். இதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முந்தி, குச்சவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் திரும்பும்போது, தென்னைகளுக்கு நடுவே கடல் ஒரு பித்தளைத் தட்டம்போலத் தெரிந்தது. இறங்கிவிட்டேன். மணலில் நண்டு ஓடிய கோடுகள்கூடக் கலையாமல் இருந்தன. ஓர் உடைந்த கிணற்றுக் கட்டில் ஏறி நின்று எடுத்தேன். ஏன் ஒருவரும் இல்லை என்று கேட்கத் தோன்றவில்லை. வெளிச்சம் அப்படி. அதற்குப் பிறகுதான் அந்தக் கரையோடு எனக்குப் பழக்கம் வந்தது, பவளம் அக்காவும் வந்தார், நூற்றுக்கணக்கில் படங்களும் வந்தன.

அந்த நூற்றுக்கணக்கைத்தான் அன்று பின்னேரம் முழுக்கப் பரீனாவின் கணினியில் ஓட்டிப் பார்த்தோம். கயிற்றில் சிவந்த உள்ளங்கை. கீரி மீன் அள்ளும் கூடை. பல்லால் முடிச்சு அவிழ்க்கும் ஒருவர். பவளம் அக்கா யாரையோ ஏசும் வாய்.

"முகமெல்லாம் வடிவா இரிக்கி," என்றாள் பரீனா. "எடம் எங்கடி?"

"பின்னால கடல் இருக்கே."

"கடல் நீர்கொழும்பிலயும் இரிக்கி."

அவள் சொன்னது சரி. ஆட்களிடம் நெருங்கிப் போகப் போக இடம் மங்கிப் பின்னால் போய்விட்டது. படக்கலையில் அதற்குப் பாராட்டு உண்டு. விசாரணையில் இல்லை. வளைந்த தென்னை, உடைந்த கிணறு, தூரத்தில் கோணேசர் மலையின் முனை, இந்த மூன்றும் சேர்ந்து இது இந்தக் கரைதான் என்று அடித்துச் சொல்லும் ஒரே ஒரு படம்தான் இருந்தது. அதை எதிர்த்தரப்பு வைத்துவிட்டது.

"நான் சாட்சி சொல்லுறன்," என்றேன். "அதுக்குப் பிறகு எத்தனை தரம் வலை இழுக்கப் பாத்தனான் எண்டு சொல்லுறன்."

"சொல்லலாம். சொன்னா என்ர மேசையில நீ இரிக்க ஏலா. கட்சிக்காரர்ட ஆள் எண்டு ஒன்ன நார் நாராக் கிழிப்பாங்க. சாட்சியும் போகும், ஆய்வாளரும் போகும். எனக்கு ரெண்டும் வேணும்."

"எனக்கு என்ர கரை வேணும்," என்றார் பவளம் அக்கா. "நீங்கள் ரெண்டு பேரும் பிறகு சண்டை பிடியுங்கோ."

காப்புக் கட்டின கை

அதிகாரி கரையை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லித் திகதி குறித்திருந்தார். எல்லோரும் தலையாட்டினோம். அந்த நேரம் பவளம் அக்கா வெளியே பிளேன்ரீ குடிக்கப் போயிருந்தார். அது எவ்வளவு பெரிய பிளேன்ரீ என்று பரீனாவின் அலுவலகத்தில்தான் தெரிந்தது. திகதியைக் கேட்டதும் அவர் விரலை மடக்கி எண்ணினார். பிறகு முதல் தடவையாகக் கதிரையில் இருந்தார்.

"அண்டைக்குக் காப்புக் கட்டியாச்சே பிள்ளை."

அந்தக் கரையில் ஓர் அம்மன் கோயில். வைகாசியில் திருவிழா. மஞ்சள் நூலைக் கையில் காப்பாகக் கட்டினால், கடைசி நாள் தீர்த்தம் முடியும்வரை ஊரில் ஒருவரும் கடலில் இறங்குவதில்லை. வலை நனையாது. குசினியில் மீன் மணக்காது. சீசன் நடுவில், மீன் கரைக்கு வந்து கூப்பிட்டாலும் போகமாட்டார்கள். ஆகவே அதிகாரி வந்து இறங்கும் நாளில் அந்தக் கரையில் ஓர் ஈ காக்காய் இருக்காது.

"எனக்கு ஒங்கட அம்மன்ட நாள் தெரியுமா?" என்றாள் பரீனா என்னிடம்.

"நான் பட்டணத்துக்காரி. எனக்கும் தெரியாது."

திகதியைத் தள்ளிவைக்கலாம். ஆனால் அதிகாரிக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்திருந்தது. தள்ளினால் புதியவர் வந்து முதலிலிருந்து தொடங்குவார். அதற்குள் தூண்களுக்கு நடுவே சுவர் எழும்பிவிடும். சுவர் எழும்பிய பிறகு வழக்கு எப்படி நடக்கும் என்பதற்கு நான் எத்தனையோ தீர்ப்புகள் வாசித்திருக்கிறேன். ஒன்றும் நல்ல கதையில்லை.

காப்புக் கட்டும் நாள் பின்னேரம் பரீனாவும் நானும் கரைக்குப் போனோம். அதிகாரி வருவதற்கு ஒரு நாள்தான் இருந்தது. வலையைச் சுருட்டிக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டிருந்தார்கள். தோணிகள் இரண்டையும் எல்லோருமாகத் தள்ளி மரத்தடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பவளம் அக்காவின் மருமகன் ரூபன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"மாமி, நான் ஒண்டு சொல்லட்டே. ஒரே ஒரு வலை வளைப்பு. ஐயா பாத்திட்டுப் போன உடன வலையை ஏத்திவிடுவம். பிறகு அம்மனுக்கு ஒரு பொங்கல் வைச்சுச் சமாளிப்பம்."

"அம்மன் என்ன, உனக்கு மோட்டச்சைக்கிள் தந்த லீசிங் கம்பனியே, தவணை சொல்லிச் சமாளிக்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரூபன் விடவில்லை. என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்கள் அதை ஒரு படமும் எடுக்கலாம். இந்தமுறை ஆளோட, இடத்தோட."

பரீனா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை எனக்குத் தெரியும். சரி என்று சொல்லமாட்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்கிற வாய் தன்னுடையதாக இருக்கக்கூடாது என்று அந்த நிமிடம் விரும்பினாள். அவர்களுடைய சோறு, அவர்களுடைய அம்மன்.

"காட்டுறதுக்காக இழுத்தா அது நாடகம், ரூபன். நாடகத்தை நான் எடுக்கிறேல்லை."

"கேசுக்கு?"

"கேசுக்கு அது பொய்ச் சாட்சி."

என் இரண்டு தொழிலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே காலம் தள்ளுபவை. ஒன்று வெளிச்சம் என்னும், மற்றது ஆதாரம் என்னும். அன்று பின்னேரம் இரண்டும் ஒரே வாயால் பேசின. எனக்கு அது பெரிய தைரியமாக இருந்தது. வழி எதுவும் தெரியாமலே தைரியமாக இருந்தது.

பவளம் அக்கா தன் மணிக்கட்டிலிருந்த புது மஞ்சள் நூலைத் திருகிக்கொண்டு சொன்னார்.

"ஒருத்தரும் இறங்கேல்லை. கரை போனாப் போகட்டும் எண்டு சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ. போனா நான் என்ன செய்யிறது எண்டு எனக்குத் தெரியாது. நித்திரையும் வாறேல்லை. ஆனா அம்மனுக்கு விட்ட நாளை எடுத்து ஐயாவுக்குக் காட்ட ஏலாது."

 தோணிகளைக் கிடுகால் மூடினார்கள். ஒருவர் வேப்பங்கொப்புகளைக் கொண்டு வந்து, கிடுகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அணியத்தில், தோணியின் மூக்கில், ஒரு கொத்துக் கட்டினார். மற்றத் தோணிக்கும் ஒரு கொத்து.

கை பழக்கத்தில் கமராவைத் தூக்கியது. சட்டகத்துக்குள் மணல், கிடுகு, இரண்டு பச்சைப் பொட்டுகள்.

அந்தப் பச்சைப் பொட்டுகளை நான் முன்னமும் பார்த்திருக்கிறேன்.

கமராவை இறக்கிவிட்டுக் கைத்தொலைபேசியில் அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்து, விரலால் விரித்தேன். மரத்தடி. கிடுகு மூடிய இரண்டு தோணிகள். ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு பச்சைக் கொத்து. சஞ்சிகைக்குக் கொடுத்தபோது, ஓரத்தில் பச்சை துருத்துகிறது, கொஞ்சம் மங்கலாக்கலாமா என்று கேட்டார்கள். ஆட்டை நினைத்துக்கொண்டு, நிற்கட்டும் என்றேன்.

"அக்கா, தோணியில வேப்பிலை எப்பெல்லாம் கட்டுவியள்?"

"காப்புக்குத்தான். வேற எப்ப? தீர்த்தம் முடிய அவிட்டுக் கடல்ல விடுவம்."

"வேற ஒண்டுக்கும் கட்டுறேல்லையே?"

"கட்டிப்போட்டு எப்பிடிக் கடலுக்குப் போறது? உனக்கென்ன நடந்தது?"

நான் தொலைபேசியைப் பரீனாவிடம் நீட்டினேன். அவள் பார்த்தாள். தோணியைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"அவங்க வெச்ச சான்று வாசுகி. அவங்களே வெச்சது. நீ சாட்சிக்கு ஏறவே தேவல்ல."

நான் வாய் திறக்காத காலை

அன்று பொழுது படுமுன் வீட்டுக்குப் போய்த் தீர்ப்புகளைப் புரட்டினேன். தேடியது ஒரே ஒரு விஷயம்: ஒரு தரப்பு தானே கொண்டுவந்த படத்தில் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் நம்பச் சொல்லலாமா? சொல்ல முடியாது. அதைப் பழைய நீதியரசர்கள் என்னைவிட அழகாகச் சொல்லியிருந்தார்கள். எடுத்து எழுதிப் பரீனாவுக்கு அனுப்பினேன். அவளுடைய பதில்: "நாளைக்கு நீ வாயே தொறக்காத."

மறுநாள் காலை ஜீப் வந்து நின்றது. அதிகாரி குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். வயல் பக்கத்து ஆள். சப்பாத்துக்குள் மணல் போவதை விரும்பாத நடை. கரை துடைத்து வைத்ததுபோலக் கிடந்தது. மேலே, வேலிக்கு அப்பால், பவளம் அக்காவும் ஆட்களும் கோயிலுக்குப் போகும் உடுப்போடு நின்றார்கள்.

"இண்டைக்கும் ஆரும் இல்லை ஐயா," என்றார் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி. குரலில் ஏளனம் இல்லை. உள்ளதைச் சொன்னார்.

பரீனா மெதுவாகக் கேட்டாள். "ஐயா, அந்தப் படத்தை எடுத்த இடத்தில நிண்டு ஒருக்காப் பாப்பமா?"

நான் நடந்தேன். உடைந்த கிணற்றுக் கட்டில் ஏறி, அன்று நின்ற இடத்தில் நின்றேன். பிறகு இறங்கி ஒதுங்கினேன். அதிகாரி குடையை என்னிடம் தந்துவிட்டு ஏறினார். சஞ்சிகைப் பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். தென்னை தென்னையில் பொருந்தியது. மலைமுனை மலைமுனையில் பொருந்தியது.

"அப்பிடியே இருக்கு," என்றார்.

"அதைத்தான் ஐயா நாங்களும் சொல்லுறம்," என்றார் சட்டத்தரணி. "அண்டைக்கு எப்பிடியோ இண்டைக்கும் அப்பிடித்தான்."

"ரெண்டு நாளும் ஒரே மாதிரித்தான் எண்டு ஒத்துக்கொள்றீங்களா?" பரீனா கேட்டாள்.

"ஓம், சந்தேகமில்லாமல்."

"நானும் ஒத்துக்கொள்றன். ஐயா, தோணியைக் கொஞ்சம் பாருங்க."

அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பக்கத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். தூரப் பிடித்தார். பிறகு கிணற்றுக் கட்டிலிருந்து இறங்கி, சப்பாத்தைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, மணலில் நேரே தோணிக்கு நடந்தார். வேப்பங்கொத்தில் ஓர் இலையைக் கிள்ளி நசித்து முகர்ந்தார்.

"அம்மா, இங்க வாங்கோ," என்று வேலிப் பக்கம் கூப்பிட்டார். பவளம் அக்கா வந்தார். "இதென்ன இது?"

"நேற்றுக் காப்புக் கட்டினது ஐயா. தீர்த்தம் முடியும் மட்டும் நாங்கள் கடலுக்கு இறங்கிறேல்லை. தோணிக்கும் வேப்பிலை கட்டி ஏத்தி விடுவம்." கையை நீட்டி மஞ்சள் நூலைக் காட்டினார். "ஐயா வாறியள் எண்டு தெரியும். எண்டாலும் இறக்கேல்லை."

"முடிஞ்சாப் பிறகு?"

"அடுத்த நாள் விடிய வலை தண்ணியில. நீங்கள் வந்தா ஒரு பை கீரி மீன் தந்து விடுவன்."

"அதை நான் வாங்க ஏலாது," என்றார் அதிகாரி. ஆனால் சிரித்தார். பிறகு சஞ்சிகைப் பக்கத்தைச் சட்டத்தரணியின் பக்கம் திருப்பி, அந்த மூலையில் நகத்தை வைத்தார்.

"ஆரும் இல்லாத கரையில, இதைக் கட்டினது ஆர்?"

சட்டத்தரணி குனிந்து பார்த்தார். கெட்டிக்காரர். பார்த்த உடனே விளங்கிவிட்டது என்பது தோளில் தெரிந்தது. "கோயில் நாள் எண்டா, அந்த நாளில மட்டும்தானே ஐயா இறங்காமல்..." என்று தொடங்கினார். மட்டும் என்ற சொல்லில் நின்றுவிட்டார். மற்ற நாள்களில் இறங்கினார்கள் என்று தன் வாயாலேயே சொல்லி முடிக்க இருந்தார். பிளாஸ்ரிக் உறையை மூடினார்.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொழிலில் நான் மிக நன்றாகச் செய்த வேலைகளில் அந்தக் குடை பிடித்ததும் ஒன்று.

இரண்டு பிரதி

அதிகாரி வவுனியாவுக்குப் போகுமுன் எழுதிவிட்டுப் போனார். மணல் துண்டுக்கு அனுமதி இல்லை, தூண்களைக் காணி எல்லைக்குப் பின்னால் எடுக்க வேண்டும். எடுத்தார்கள். விடுதியும் எழும்பிவிட்டது. அங்கே தங்குகிற வெள்ளைக்காரர் காலையில் வலை இழுப்பதைப் படமெடுக்க வருகிறார்கள். ரூபன் முதலில் அவர்களைக் கயிற்றில் நிறுத்தி இழுப்பித்துவிட்டுத்தான் படமெடுக்க விடுகிறான். மாமியாரின் ஆள்பிடிக்கும் வித்தை.

பவளம் அக்காவுக்கு ஒரு படம் கொடுக்க ஆசைப்பட்டேன். பெரிதாக இரண்டு பிரதி போட்டு, சட்டம் போட்டுக் கொண்டு போனேன். ஒன்று, அவர் முன்னுக்கு நின்று கத்த, ஆட்கள் கயிற்றில் சாய்ந்து இழுக்கும் படம். முகம் முகமாக, வேர்வை துளித் துளியாக. என் படங்களில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று. மற்றது வெறுங்கரை. அதைச் சும்மா, கதைக்காகக் கொண்டு போனேன்.

கதிரை இரண்டை இழுத்து, படங்களைச் சாய்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இதில என்ர வாய் நல்லா விழுந்திருக்கு," என்றார் முதல் படத்தை.

"அப்ப இதை மாட்டுவமே?"

"வேண்டாம். மற்றதைத் தா."

"அதில நீங்கள் இல்லையே அக்கா."

அவர் வெறுங்கரையைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். தோணிகள் இருந்த மூலையைப் பெருவிரலால் தடவினார்.

"அதில அஞ்சாறு பேர்தான் பிள்ளை நிக்கினம். இதில முழு ஊரும் நிக்குது."